மயினியின் காயாங்கிளை

என் வீட்டு ஜன்னலில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது. அதில் தண்ணீர் ஊற்றி, காயாங்கிளை ஒன்றை வைத்திருந்தேன். பாட்டில் என் மயினியுடையது, அண்ணன் மனைவியுடையது.

எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு பொத்தை இருந்தது. மொட்டைப் பாறைக் குன்றுதான். ஆனால் பாறை இடுக்கெல்லாம் காயாப் புதர் மண்டிக் கிடக்கும். கோடை மழை விழுந்ததும் கிளையோடு ஒட்டிப் பூக்கும். பொத்தைக்கே யாரோ நீலம் போட்டு அலசியது மாதிரி இருக்கும். ஒடித்து வந்தால் சாயங்காலத்துக்குள் பூ உதிர்ந்துவிடும். மயினி ஒப்புக்கொள்ள மாட்டார்.

“பேரே காயாம்பூ இல்லியா மக்கா? பின்ன எப்பிடிக் காயும்?”

உதிர்ந்ததைக் காட்டினால், “பூ உதிரும். எலையப் பாரு, காஞ்சா கெடக்கு?” என்று வழக்கையே மாற்றிவிடுவார். அவரிடம் ஜெயித்தவர் கிடையாது.

அண்ணன் கல்ஃபுக்குப் போனது ஒரு பூக்காலத்தில். அன்றே ஒரு கிளையைப் பாட்டிலில் வைத்து, “அவிய திரும்பி வாறது வரைக்கும் இது காயாது” என்றார். விடியற்காலையில் காலாற நடக்கிறேன் என்று பொத்தைப் பக்கம் போய்வருவார். கிளையும் காயவில்லை. வேலையிடத்தில் சாரம் சரிந்து அண்ணன் பெட்டியில் வந்தபோது இலை பச்சையாகவே இருந்தது. மயினி அதை எடுத்து அவன் நெஞ்சில் வைத்தார். “எனக்கும் இதத்தான் வைக்கணும், மால கீல வாங்கிராத” என்றார். அவர் அழவில்லை, நான்தான் அழுதேன்.

இந்த வருடம் மயினியும் போய்விட்டார். பொத்தை அவருக்கு முன்பே போய்விட்டது. வெடி வைத்துத் தகர்த்து லாரியில் ஏற்றிய இடத்தில் இப்போது பள்ளமும் பச்சைத் தண்ணீரும்தான். வேதக்கோயில் மணி அடித்து அடக்கத்துக்கு எடுப்பதற்குள் கிளை வேண்டுமே என்று குவாரி வேலி தாண்டி ஓடினேன். பள்ளத்து விளிம்பில், கல்தூசி மூடி, ஒரே ஒரு புதர் நின்றது. பூ இல்லை. இரண்டு கிளை ஒடித்து, குழாயடியில் கழுவி, ஒன்றை மயினியின் கையருகில் வைத்தேன்.

“பூவே இல்லியேப்பா, இது என்னத்துக்கு?” என்று கேட்டார் போதகர்.

“இது காயாதுய்யா” என்றேன்.

மற்றதுதான் இந்தப் பாட்டிலில் இருந்தது. தினமும் தண்ணீர் மாற்றினேன். ஆனாலும் இலைகள் பழுத்து, சுருண்டு, இன்று காலை சருகாகக் கிடந்தன. விடியலில் மயினி எதற்காகப் பொத்தைக்குப் போய்வந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. காய்வதற்கு முன்பே ஒவ்வொரு முறையும் புதுக்கிளை மாற்றியிருக்கிறார்.

நானும் வேலிவரை போனேன். விளிம்பு சரிந்து, அந்தப் புதரும் பள்ளத்துக்குள் போயிருந்தது. பாட்டிலைக் கழுவித் திரும்ப ஜன்னலில் வைத்திருக்கிறேன். மாற்றி வைக்கத்தான் கிளை இல்லை, மயினி.