வண்டி நின்ற இடங்கள்

பூந்தமல்லிச் சாலையில் மாட்டுவண்டியில் போனவர்களுக்குத்தான் அலுப்பு என்றால் என்னவென்று தெரியும். இரண்டு பக்கமும் புளியமரம், எதிரே மாட்டின் வால். ஒரு மரம் போனால் இன்னொரு மரம் வரும். வால் மட்டும் மாறாது. அது சண்டைக்காலம். வெள்ளைக்காரனின் ராணுவ லாரி ஒன்று நடுநடுவே வந்து புழுதியை வாரி எங்கள் தலையில் கொட்டிவிட்டுப் போகும். அந்தப் புழுதி அடங்குகிறவரை கொஞ்சம் பொழுது போகும், அவ்வளவுதான்.

எனக்கு அப்போது எட்டு வயது. பயணம் என்றால் என் அகராதியில் வண்டி ஓடுவது அல்ல, நிற்பது. ஆவடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலிருந்து கிளம்பினால் எனக்கென்று சில இடங்கள் உண்டு. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் கால் நனைக்க வேண்டும். பூந்தமல்லி முனையில் ஆப்பம் சுடுகிற அம்மாவிடம் ஓரம் முறுகலாக ஒன்று வாங்க வேண்டும். அங்கேயே, பெட்ரோல் கிடைக்காத காலத்தில் கரிப்புகையில் ஓடுகிற கரி பஸ் நிற்கும். பின்னால் கட்டிய அடுப்பை ஓர் ஆள் கைப்பிடி போட்டுச் சுற்றச் சுற்ற, பஸ் இருமி இருமிக் கடைசியில் உயிர் பெறும். அதை நாள் முழுக்கப் பார்க்கலாம். திருமழிசை தாண்டி, செம்பரம்பாக்கம் ஏரிக்கரை கண்ணில் படுகிற இடத்தில் ஒரு சுமைதாங்கிக் கல். என் இடங்களிலெல்லாம் தலையான இடம் அதுதான்.

கஷ்டம் என்னவென்றால் நைனா வண்டியை மாட்டுக்காக நிறுத்துவாரே தவிர மனுஷருக்காக நிறுத்த மாட்டார். “மாடு வாயில்லா சீவன். உனுக்குத்தான் வாய் கீதே, கொஞ்சம் அடக்கிகினு வா” என்பார்.

அன்றைக்கு அக்காவைப் புருஷன் வீட்டில் விடப் போனோம். தை மாதம் கல்யாணம் ஆனவள், ஆடிக்குத் தாய்வீடு வந்திருந்தாள். ஆவணி பிறந்துவிட்டது. ஆடிக்கு வந்தவள் ஆவணிக்குத் திரும்பவில்லை என்றால் ஊர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். போதாததற்கு அவள் முழுகாமல் வேறு இருந்தாள். நல்ல சேதியோடு அனுப்புகிறோம் என்று அம்மா ஒரு கூடை நிறைய அதிரசம் சுட்டு, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி வண்டியில் வைத்தாள். என்னைத் துணைக்குப் போகச் சொன்னாள். கூடவே ஒரு மிரட்டல்: “கூடைய தொட்ட, கைய ஒடிச்சிடுவன். வாய் தெறந்த கூடைய சம்பந்தி ஊட்டுக்கு எடுத்துகினு போவக் கூடாது.”

முதல் நாள் அடுக்களையில் அக்கா அம்மாவிடம் மெல்லிய குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக் கிணறு ஆழமாம். பத்து மாட்டுக்கும் தோட்டத்துக்கும் மருமகள்கள்தான் இறைக்க வேண்டுமாம். மூத்த மருமகளுக்கு உண்டானது இரண்டு தடவையும் கிணற்றடியிலேயே கலைந்துபோயிற்றாம். அம்மா கேட்டுக்கொண்டே மாவு பிசைந்தாள். கடைசியில், “பொறந்த ஊட்டுச் சோறு பொழுதோட, புகுந்த ஊட்டுச் சோறு ஆயுசோட. ஏழாம் மாசம் அழைச்சாந்துடறோம், பல்லக் கடிச்சிகினு இரு” என்றாள். அம்மாவிடம் எதற்கும் ஒரு சொலவடை இருக்கும். அது வந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். எனக்கு அந்தப் பேச்சில் புரிந்தது கிணறு ஆழம் என்பது மட்டும்தான். எட்டிப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

விடியக் கிளம்பினோம். பருத்திப்பட்டு ஏரி வந்ததும் வழக்கம்போல நான் முனகினேன். நைனா வழக்கம்போல வாயைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அக்கா குறுக்கே பேசினாள். “கொழந்த ஆசப்படுது, நிறுத்தேன் நைனா.”

எனக்கு நம்ப முடியவில்லை. அக்கா எச்சில் கையால் காக்கை ஓட்டாதவள். என் பங்கு முறுக்கையும் சேர்த்துத் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போகிறவள். கல்யாணம் ஆனால் பெண்களுக்குப் புத்தி வரும் என்று சொல்வார்களே, அது இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அதோடு விட்டாளா? பூந்தமல்லி முனையில் எனக்கு ஆப்பம் வாங்கித் தந்தாள். நான் தின்று முடித்ததும், “இன்னொண்ணு துண்றியா?” என்று கேட்டாள். கரி பஸ் கிளம்புகிறவரை பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். அது கிளம்பியதும், அடுத்ததும் வரட்டுமே என்றாள்.

ஆப்பக்கார அம்மா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நைனாவிடம் சொன்னாள். “இன்னாண்ணா, பொண்ணுக்கு என் ஆப்பத்து மேல ஆசையா, ஊருக்குப் போறதுல ஆசையில்லயா?”

நைனா சிரிக்கவில்லை. “வெளக்கு வெக்கிறதுக்குள்ள போய்ச் சேரணும். ஏறு ஏறு” என்றார்.

அதற்குப் பிறகு நான் கேட்காத இடத்திலெல்லாம் அவளே கேட்டாள். பாப்பாவுக்குத் தாகம் என்றாள். எனக்குத் தாகமே இல்லை. பாப்பாவுக்கு வேகவைத்த வேர்க்கடலை வேண்டும் என்றாள். திருமழிசையில் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருகிறேன் என்று போனவள், வெயில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் சாய்ந்த பிறகுதான் வந்தாள். என் ஆயுசில் இப்படி ஒரு பயணம் வாய்த்ததில்லை. நைனா மட்டும் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தார்.

கடைசியில் சுமைதாங்கி வந்தது. ஆள் உயரத்துக்கு இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருக்கும். தலைச்சுமையோடு நடந்து போகிறவர்கள், பிறர் கை பிடிக்காமலே பாரத்தை அதன்மேல் இறக்கி வைத்துவிட்டு இளைப்பாறலாம். எனக்கு அது வீடில்லாத வாசற்படி. குதித்து இறங்கி ஓடி அந்தப் பக்கம் நின்றுகொண்டு கூப்பிட்டேன். “நான் மாமியா, நீ மருமவ. வா உள்ள.”

அக்கா கல்லருகே வந்தாள். உள்ளே வரவில்லை. மேல் கல்லைத் தடவிப் பார்த்தாள். “இது யாருக்கு நட்டது நைனா?”

நைனா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். “எவளோ புள்ளத்தாச்சிக்கு. வயித்துப் பாரத்தோட போய்ச் சேந்துட்டா. அவதான் எறக்கி வெக்கல, வழிப்போக்கனாவது பாரத்த எறக்கட்டும்னு நட்டு வெக்கிறது. இது தெரியாதா உனுக்கு?”

“தெரியும்” என்றாள் அக்கா. கல்லிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்: “எனுக்கு நட்டா இவ்ளோ தூரத்துல நடாத நைனா. நம்ம ஏரிக்கரப் பக்கமா நடு. அம்மா நடந்து வந்து பாக்கும்.”

அழவில்லை. வேலைக்காரருக்கு நாற்று நட இடம் காட்டுவதுபோலச் சொன்னாள்.

நைனாவின் கை மாட்டின் திமிலிலேயே நின்றுவிட்டது. ஒரு லாரி போயிற்று. புழுதி எழுந்தது, அடங்கியது. பிறகு வண்டிக்குப் போய்க் கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அம்மா போட்ட முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். ஓர் அதிரசத்தை என்னிடம் நீட்டினார்.

“இந்தா, துண்ணு.”

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். “அம்மா கைய ஒடிச்சிடும்.”

“நான் சொல்றன், துண்ணு. நீயும் வாம்மா, துண்ணு.” தானும் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். மென்று முடித்துவிட்டு, யாரோ எங்களிடம் நியாயம் கேட்டதுபோலச் சொன்னார்: “வாய் தெறந்த கூடைய எடுத்துகினு சம்பந்தி ஊட்டுக்கு எப்புடிப் போறது? உங்கம்மா இன்னா சொல்லி அனுப்பிச்சி? திரும்ப வேண்டிதான்.”

மீதியைக் கல்லடியில் இளைப்பாற வந்த வழிப்போக்கர்களுக்குக் கொடுத்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.

வாசலில் வந்து இறங்கிய மகளையும் காலிக் கூடையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அம்மா கேட்டாள், ஊர் என்ன சொல்லும் என்று. நைனா மாட்டை அவிழ்த்துக்கொண்டே, “ஊர் வாய மூட ஒலமூடி கெடையாது. நம்ம ஊட்டுக் கதவ மூடத் தாப்பா கீது. போய்ச் சோத்தப் போடு” என்றார். அம்மாவுக்கே பதில் சொலவடை கிடைக்காத நாள் அது ஒன்றுதான். ஊரும் கொஞ்ச நாள் பேசிப் பார்த்தது, வாய் வலித்து விட்டுவிட்டது. மாசியில் குழந்தை எங்கள் வீட்டிலேயே நல்லபடியாகப் பிறந்தது. பார்க்க வந்த அத்தானுக்கு மகனை விட்டுப் போக மனம் வரவில்லை. ஆவடி ராணுவக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து, எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே குடிவைத்துவிட்டார். அந்த ஆழமான கிணற்றை நான் கடைசிவரை எட்டிப் பார்க்கவே இல்லை.

இதெல்லாம் இப்போது கோத்துச் சொல்கிறேன். அன்றைக்கு வண்டியில் எனக்கு இருந்தது ஒரே ஒரு குறைதான். வீட்டுப் பக்கம் திரும்பிய மாட்டுக்குக் கால் தரையில் பாவவில்லை. நைனாவோ நாக்கைச் சொடுக்கி இன்னும் விரட்டினார். திருமழிசைக் கோபுரம் போயிற்று, ஆப்பக் கடை போயிற்று, கரி பஸ் இருமிக்கொண்டு நின்றது, அதுவும் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் நான் அக்காவின் தோளைத் தட்டினேன். நிறுத்தச் சொல்லேன், நீ சொன்னால்தான் நைனா நிறுத்துவார் என்று கெஞ்சினேன். அவள் காலி அதிரசக் கூடையில் தலையைச் சாய்த்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். போகும்போது அத்தனை இடத்தில் நிற்கச் சொன்னவள், வரும்போது ஓரிடத்தில்கூட நிற்கக் கேட்கவில்லையே என்று எனக்கு வந்த கோபம், வீடு வந்து சேர்கிறவரை தீரவில்லை.