நீலத் துண்டும் ரோஸ் துண்டும்

பத்து லட்சம். இந்த எண்ணை நினைவில் வையுங்கள். கண்நோய்க் கிருமி ஒன்றின் உடம்பை எழுதிவைத்திருக்கும் மரபணு எழுத்துகள் அத்தனை.

திருவொற்றியூர் அங்கன்வாடியில் பத்தொன்பது வருடமாக ஆயா வேலை பார்க்கும் அடைக்கலமேரிக்கு இது தெரியாது. அவருக்குத் தெரிந்தது பிள்ளைகளின் முகம். குழாயில் தண்ணீர் ஒரு மணி நேரம்தான் வரும். ஆனாலும் மதியச் சோற்றுக்கு முன்னால் ஒரு முகமும் அழுக்காக இருக்க விடமாட்டார். பையன்களை வரிசையாக உட்காரவைத்து நீலத் துண்டை நனைத்துத் துடைப்பார். பெண்பிள்ளைகளுக்கு ரோஸ் துண்டு. மேற்பார்வைக்கு வந்தவர்கள் பாராட்டிவிட்டு, பக்கத்து மையங்களையும் அப்படியே செய்யச் சொன்னார்கள்.

அந்த வருடம் பிள்ளைகளுக்குக் கண்நோய் வந்தது. மருந்து கொடுத்தால் போகும், ஒரு மாதத்தில் திரும்பி வரும். ஷாலுவுக்கு மூன்றாவது தடவை. இமையின் உள்பக்கம் தழும்பு விழத் தொடங்கிவிட்டது, விட்டால் பார்வைக்கே ஆபத்து என்றார் கண் டாக்டர் சாண்ட்ரா. ஷாலுவின் அப்பா ஜெயவேல் எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலைத் திட்டினார். சாம்பல் திட்டு வாங்க வேண்டியதுதான். ஆனால் இது அதன் வேலை இல்லை.

டாக்டர் எல்லாப் பிள்ளைகளின் இமையிலும் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் பெற்றோர் முன்னால் லேப்டாப்பைத் திறந்தார். மருந்துக்கு அடங்குகிற கிருமிதான், எங்கிருந்தோ திரும்பத் திரும்ப ஏறுகிறது என்றார். அதில் இரண்டு வகை. பத்து லட்சம் எழுத்தில் பதினேழுதான் வித்தியாசம். ஷாலுவும் பாரியும் இரட்டைப் பிள்ளைகள், ஒரே பாயில் படுக்கிறவர்கள், ஆனால் ஆளுக்கொரு வகை. பையன்கள் எல்லோருக்கும் ஒன்று, பெண்பிள்ளைகளுக்கு இன்னொன்று. ஏன் என்று தனக்கே விளங்கவில்லை என்றார்.

அடைக்கலமேரிக்கு விளங்கிவிட்டது. ஊசிமுனையில் ஆயிரம் உட்காரும் ஒரு உயிர், அவர் கையில் யாருக்கு எந்தத் துண்டு இருந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. சொன்னால் வேலை போகலாம். சத்தமில்லாமல் துண்டை மாற்றிவிடவும் செய்யலாம். ஆனால் அவரைப் பார்த்துத்தானே மற்ற மையங்களும் துடைத்துக்கொண்டிருக்கின்றன?

எழுந்தார். “டாக்டரம்மா, அது நான்தான். ஆம்பளப் பசங்களுக்கு ஒரு துண்டு, பொட்டப் புள்ளைங்களுக்கு ஒரு துண்டு. எல்லா மூஞ்சியும் அதுலதான் தொடச்சிகினு வந்தேன்.”



“இன்னாக்கா நீ,” என்றார் ஜெயவேல். “ஊருக்கே சுத்தம் சொல்லிக் குடுக்குற ஆளு. நான் போயி சாம்பலப் பாத்து கத்திகினு கீறேன்.”

“கத்து நைனா, அதுவும் வோணும். மொதல்ல கொயந்தைக்குன்னு தனியா ஒரு துண்டு வாங்கு.”

அடைக்கலமேரி அந்தப் பதினேழு எழுத்தையும் காட்டச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்தார். “இம்மாத்தூண்டு கீது. எங்க வரிசகூட இதுக்குத் தெரிஞ்சிகீதே டாக்டரம்மா.”

மேலிடம் விளக்கம் கேட்டது. ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தார். ஜெயவேலும் தாய்மார்களும் மனுவில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு போய் நின்றதால் வேலை தப்பியது. எல்லா மையங்களிலும் ஒரே நாளில் மருந்து, பிள்ளைக்கொரு துண்டு.

ஆறு மாதம் கழித்து டாக்டர் மறுபடி எல்லா இமைகளையும் புரட்டிப் பார்த்தார். ஷாலுவின் தழும்பு வளராமல் நின்றிருந்தது. கிருமி இன்னும் மிச்சமிருந்த பிள்ளைகள்: இரண்டே பேர்.