ரிவர்ஸில் ஏறிய மேடு

இதை நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. அருமைநாயகியும் யாரையும் கெஞ்சியதில்லை. நடந்தது நடந்ததுதான். நாள் 2022 டிசம்பர் 12, திங்கட்கிழமை. நேரங்கள் அவளுடைய போனிலும் அலுவலகக் கம்ப்யூட்டரிலும் நிமிடக் கணக்கில் பதிந்து கிடக்கின்றன. சந்தேகப்படுகிறவர்கள் அவற்றோடு சண்டை பிடிக்கலாம்.

அருமைநாயகிக்கு அப்போது ஐம்பத்துநாலு வயது. லண்டனின் லூயிஷாமில் வீடு. வேலை, தனியாக இருக்கும் வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிப்பது. லண்டனுக்கு வருமுன் பதினொரு வருடம் வட நோர்வேயில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றவள். கார் ஓட்டப் பழகியதே அங்கேதான், இடுப்பளவு பனிக்குள். அதனால் லண்டனில் நாலு விரல் பனி விழுந்ததும் ஊரே கதவைச் சாத்திக்கொள்வதைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதல்நாள் ஞாயிறு இரவு பனி கொட்டியிருந்தது. திங்கள் பகல் முழுக்க அது உருகவில்லை. பின்னேரம் மூன்று ஐம்பதுக்குச் சூரியன் போனதும் எல்லாம் கண்ணாடிபோல இறுகத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துத்தான் அலுவலகத்திலிருந்து சுப்ரியா போனில் அழைத்தாள். யார் எந்த வீட்டுக்குப் போவது என்று ஒழுங்குபடுத்துகிறவள் அவள். கோயம்புத்தூர்ப் பெண்.

"அக்கா, ஜீவரத்தினம் ஐயா வீட்டுக்கு இன்னைக்குப் போகாதீங்க. கேன்சல் பண்ணிட்டேன்."

"ஏன்?"

"அந்த மேட்டுல கார் ஏறாது. காலையில போனவங்களும் ஏற முடியாம திரும்பிட்டாங்க."

அருமைநாயகிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அப்ப அந்த மனுசனை ஒருத்தரும் காலமை பாக்கேல்லையோ?"

"இல்லக்கா. போன் பண்ணினா எடுக்கலை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கேன். நாலு மணி நேரம் ஆகுமாம்."

"நான் போறன்."

"அக்கா, அது ரெண்டு பேர் வேணும்கிற வீடு. உங்ககூட வர்ற நிசாந்தனும் வரலைன்னுட்டார்."

"நிசாந்தன் வராட்டில் நிசாந்தன் வீட்டில இருக்கட்டும். நான் போறன்."

ஜீவரத்தினத்துக்கு எழுபத்தொன்பது வயது. பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. ஆள் நல்ல உயரம், நல்ல பாரம். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்ற எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஞாயிறு பின்னேரம் அருமைநாயகியும் நிசாந்தனும்தான் அவரைக் கடைசியாகப் படுக்க வைத்தவர்கள். அதற்குப் பிறகு இருபத்திரண்டு மணி நேரமாக அந்த வீட்டுக்குள் யாரும் போகவில்லை.

அவளுடையது பழைய சலூன் கார். முன்சக்கரம் இழுக்கிற கார். வழியில் நிசாந்தன் போனில் பிடித்தான்.

"அக்கா, விசர் வேலை பாக்காதேங்கோ. முன்சக்கரக் கார் மேட்டில ஏறாது. சறுக்கிக் கொண்டுவந்து கீழ மெயின் ரோட்டில பஸ்ஸுக்குள்ள விட்டிடும்."

"முன்னால போனாத்தானே ஏறாது," என்றாள் அருமைநாயகி. போனை வைத்துவிட்டாள்.

அது நோர்வேயில் படித்த வித்தை. மேட்டில் ஏறும்போது பாரம் எல்லாம் பின்னுக்குப் போகும். முன்சக்கரம் இலேசாகிச் சும்மா சுழலும். காரைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றினால் பாரம் முன்சக்கரத்தில் விழும். அப்போது அது பனியைக் கவ்விப் பிடிக்கும். ஒன்றே ஒன்றுதான் விதி. இடையில் நிற்கக் கூடாது. நின்றால் சறுக்கல்தான்.

ஃபாரஸ்ட் ஹில்லுக்கு அந்தப் பக்கம் அந்த மேடு. மணி 4.31. வளைவில்லாத நேரான தெரு. இரண்டு பக்கமும் வீடுகள், திரைச்சீலைகள் மூடியபடி. மேடு தொடங்கும் இடத்தில் இறங்கி, பின் சென்சார்களில் ஒட்டியிருந்த பனியைக் கையுறையால் துடைத்தாள். நான்கையும் துடைத்தாள். இது அவளுக்கு நல்ல நினைவு.

காரைத் திருப்பினாள். வால் மேட்டைப் பார்த்தது. ஹெட்லைட் கீழே மெயின் ரோட்டைப் பார்த்தது. இடக்கையை அடுத்த சீட்டின் முதுகில் போட்டுக்கொண்டு, கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கிளச்சை மெதுவாக விட்டாள்.

முன்சக்கரங்கள் கவ்வின. கார் ஏறியது.

"பாத்தியோ," என்றாள் நிசாந்தனுக்கு. அவன் இல்லாத இடத்தில்.

மணி 4.36. மேட்டின் கால்வாசி.

பீப்.

சென்சார். பின்னால் ஏதோ இருக்கிறதாம். அவள் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ரிவர்ஸ் லைட்டின் மங்கல் வெளிச்சத்தில் வெறும் பனி.

பீப்... பீப்...

சென்சாருக்குள் தண்ணீர் போயிருக்கும் என்று நினைத்தாள். ஆனால் அந்தச் சத்தம் ஒரே சீராக இல்லை. கொஞ்சம் நெருங்கியது. பிறகு விலகியது. மறுபடியும் நெருங்கியது. காரின் வாலுக்கு மேலே, அது ஏறும் பாதையில், யாரோ மூச்சு வாங்க நடந்து போகிற மாதிரி.

அப்போதுதான் அடிகளைக் கண்டாள்.

தெருவின் நட்டநடுவில் ஒற்றை வரிசைக் காலடிகள். சின்னக் கால்கள். பெண்ணின் சப்பாத்து. மேலே போகின்றன. முதல்நாள் பனி சூரியன் போனபின் இறுகிப் போயிருந்தது. இந்த அடிகள் மட்டும் மாவில் அமுக்கியதுபோல, விளிம்பு உதிராமல், புதிதாக இருந்தன.

பீப் பீப் பீப் பீப்...

பத்து அடி. இருபது அடி. பிறகு...

அடிகள் முடிந்துவிட்டன.

பக்கத்து வீட்டுக்குத் திரும்பவில்லை. திரும்பிக் கீழே வரவும் இல்லை. தெருவின் நடுவில், கடைசி இரண்டு அடிகள் அருகருகே நின்றன. ஒருவர் அங்கே நின்றுவிட்ட மாதிரி.

சென்சார் விடாமல் கத்தத் தொடங்கியது.

பீஈஈஈஈப்.

பிரேக் பெடலுக்கு மேலே அவளுடைய கால் போனது. அமத்தினால் சறுக்கல். கீழே மெயின் ரோட்டில் ஒரு பஸ்ஸின் வெளிச்சம் கடந்து போனது. மேலே ஒரு மனுசன் இருபத்திரண்டு மணி நேரமாக.

காலை எடுத்தாள்.

"விலகு!" என்று கத்தினாள். "நான் நிற்பாட்டமாட்டன். விலகு!"

கார் அந்த இடத்தைக் கடந்தது. எதிலும் மோதவில்லை. சென்சார் சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

அமைதி.

பிறகு...

க்ளிக்.

அவளுக்குத் தெரிந்த சத்தம். காரில் ஏறுகிற எல்லோருக்கும் தெரிந்த சத்தம். டாஷ்போர்டில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு எரிந்தது. பின்சீட், இடப்பக்கம். பெல்ட் போட்டாயிற்று.

மணி 4.39.

காரின் பின்பக்கம் தாழ்ந்தது. ஹெட்லைட் வெளிச்சம் கீழ்த்தெருவிலிருந்து மெல்ல எழுந்து, மெயின் ரோட்டுக்கு அப்பால் இருந்த வீட்டின் மேல்மாடி ஜன்னலில் போய் நின்றது.

அவள் பின்னால் பார்த்துக்கொண்டுதானே ஓட்டுகிறாள்? பின்சீட் அவள் கண்ணுக்கு நேரே இருந்தது. அதில் ஒருவரும் இல்லை. ஆனால் பெல்ட் மாட்டியிருந்தது. சீட்டோடு ஒட்டிக் கிடக்கவில்லை. முன்னுக்குப் புடைத்து நின்றது. உள்ளே ஒரு உடம்பு இருப்பதுபோல...

பெல்ட் மெல்ல ஏறி இறங்கியது.

மூச்சு.

பின்கண்ணாடியில், உட்பக்கமாக, ஒரு வட்டத்துக்கு ஆவி படர்ந்தது. பாதை மறைந்தது.

அருமைநாயகி பயந்துவிட்டாள். அதை அவள் மறைக்கவில்லை. ஆனால் ஸ்டியரிங்கை விடவில்லை.

"ஆரெண்டாலும் இரு," என்றாள். குரல் கீச்சென்று வந்தது. "ஆனா கண்ணாடியை மறைக்காத. எனக்குப் பாதை தெரிய வேணும்."

இரண்டு செக்கன்.

கண்ணாடியில் ஆவி துடைபட்டது. இடமிருந்து வலமாக. ஒரு கையால் துடைத்த கோடு.

முன்சக்கரம் சுழலத் தொடங்கியது. பின்பாரம் கூடி முன்பக்கம் இலேசாகிவிட்டது. கார் நின்றது. ஒரு கணம். பிறகு கீழ்நோக்கிச் சறுக்கியது. ஒரு மீட்டர். இரண்டு மீட்டர்.

"முன்னுக்கு வா!" என்று கத்தினாள். "பாரத்தை முன்னுக்குக் கொண்டு வா! மேல போகோணும்!"

அவளுடைய இடக் கன்னத்தில் குளிர் வந்து உட்கார்ந்தது.

ஹெட்லைட் தாழ்ந்தது.

சக்கரம் கவ்வியது.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. அதுவும் அசையவில்லை. இரண்டு முகங்கள் ஒரு சாண் தூரத்தில். ஒன்று தெரிந்தது. மற்றது தெரியவில்லை. கார் ஏறியது... ஏறியது...

4.48. மேட்டின் உச்சி. ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள்.

க்ளிக்.

பச்சை விளக்கு அணைந்தது. கதவு திறக்கவில்லை. பாரம் மட்டும் இறங்கிப் போனது.

அவள் ஓடவில்லை. கதவருகே, எண்களை அமத்தினால் திறக்கும் சாவிப் பெட்டியை மூன்றாம் தரத்தில்தான் திறந்தாள். கதவைத் திறந்து, வாசலில் ஒட்டியிருந்த வில்லையில் போனைத் தொட்டாள். வேலைக்கு வந்த நேரம் அப்படித்தான் பதியும். 4.52.

ஜீவரத்தினம் நிலத்தில் கிடந்தார். படுக்கைக்கும் சுவருக்கும் நடுவில். உதடு நீலம். ஆனால் கண் திறந்திருந்தது. அவர்மேல் ஒரு போர்வை கழுத்துவரை இழுத்துப் போர்த்தப்பட்டிருந்தது.

"ஐயா! எப்ப விழுந்தனீங்கள்?"

"விடிய..."

தனியே தூக்கக் கூடாது என்பது சட்டம். தனியே தூக்க ஏலாது என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் நிலம் ஐஸாய்க் கிடந்தது. அவருடைய கமக்கட்டுக்குள் கையைக் கொடுத்தாள்.

"ஒண்டு... ரெண்டு... மூண்டு."

அவர் எழும்பினார். பாரமே இல்லாமல். மற்றப் பக்கத்தையும் யாரோ பிடித்த மாதிரி, இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் எழும்பின.

அவள் வலப்பக்கத்தில் நின்றாள். இடப்பக்கத்தைப் பார்க்கவில்லை. பார்க்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றாள்.

தேத்தண்ணி பருக்கியதும் அவருக்குக் குரல் வந்தது.

"அந்தப் பிள்ளைக்கும் ஒரு தேத்தண்ணி குடன்."

"எந்தப் பிள்ளை, ஐயா?"

"உன்னோட வந்த பிள்ளை. உனக்கு முதல் உள்ள வந்து போர்வை எடுத்துப் போட்டது. மலேசியாத் தமிழ் கதைக்கிறா. பாவம், கையெல்லாம் விறைச்சுப் போய்க் கிடக்கு."

அருமைநாயகி எழுந்து குசினிக்குப் போனாள். இன்னொரு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினாள். கட்டிலின் இடப்பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். யாரும் தொடவில்லை. ஆனால் கொதிக்கக் கொதிக்க வைத்த தேத்தண்ணி, அவள் கையை எடுக்குமுன் ஆவி அடங்கிப் போயிற்று.

ஆம்புலன்ஸ் 8.05க்கு வந்து ஜீவரத்தினத்தை ஏற்றிக்கொண்டு போனது. ஆள் தப்பிவிட்டார். இன்னும் இரண்டு மணி நேரம் நிலத்தில் கிடந்திருந்தால் அவரைக் காப்பாற்றியிருக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். 8.14க்கு அருமைநாயகி மறுபடியும் போனைத் தொட்டு, வெறும் வீட்டைப் பூட்டிவிட்டு இறங்கினாள்.

புதன்கிழமை காலை சுப்ரியா போனில் அழைத்தாள். திட்டுவதற்குத்தான் என்று நினைத்தாள் அருமைநாயகி. இல்லை. சுப்ரியாவின் குரல் ஒரு மாதிரி இருந்தது.

"அக்கா, திங்கட்கிழமை உங்ககூட யார் வந்தா?"

"ஒருத்தரும் வரேல்ல."

"சிஸ்டம்ல ரெண்டு பேர் காட்டுதுக்கா. உங்களுக்கு மூணு நிமிஷம் முன்னாடி, 4.49க்கு ஒருத்தங்க உள்ள போயிருக்காங்க. மங்கலம்னு பேரு."

அருமைநாயகி இந்த வேலைக்கு வந்தது 2020இல். அந்தப் பெயரை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

"ஆர் அது?"

சுப்ரியா பழைய பதிவைத் திறந்து பார்த்துச் சொன்னாள்.

"மலேசியாக்காரங்க. 2018 மார்ச் ஒண்ணாந்தேதி, பெரிய பனி வந்துச்சே, அன்னைக்கு ஜீவரத்தினம் ஐயா வீட்டுக்கு முதல் தடவையா அனுப்பினோம். கார் ஏறலைன்னு கீழயே விட்டுட்டு நடந்து போனாங்க. போய்ச் சேரலை. பாதி மேட்டுல... மறுநாள் காலையிலதான் பார்த்தாங்க. ஐயாகிட்ட யாரும் சொல்லவே இல்லை."

பனிக்காலமானாலும் ஜன்னலைத் திறந்துவிட்டாள் அருமைநாயகி.

"அக்கா, உங்களை வேற வீட்டுக்கு மாத்திடட்டுமா?"

"ஏன் மாத்தோணும்? அவ நாலு வருசமா ஏறின மேடு. நான் ஒரு நாளைக்கு ஏறிப் பயந்து விடுறதோ? அந்த வீட்டுக்கு நான்தான் போவன்."

"சரிக்கா. ஆனா இன்னொண்ணு..."

"சொல்லு."

"நீங்க 8.14க்கு வெளிய வந்துட்டீங்க. அவங்க வெளிய வந்த நேரம் காலியா இருக்கு. ரெண்டு நாளா அந்தப் பதிவை மூடப் பார்க்கிறேன். மூட மாட்டேங்குது. ‘பணியாளர் இன்னும் உள்ளே இருக்கிறார்’னே வருது."