மறு ஏலம்

“...சும்மா தூக்கிக் குடுத்துற முடியாதுங்க சாமி. ஏலத்துல நான் எடுத்த பையனுங்க இவன். வேணுமுன்னா மறுக்கா ஏலத்துல வைங்க. போறதுன்னா முறைப்படி போகட்டும்.”

அந்தோணியார் திருநாளன்று பூசை முடிந்ததும், ஓமலூர்ப் பக்கத்து எங்கள் கோயில் முற்றத்தில், பங்குச் சாமியாரிடம் என் தாய்மாமன் இப்படிச் சொன்னார். சாமியார் சிரித்தார். மாமன் சிரிக்கவில்லை.

ஏலம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அடுத்தது தங்கினால் அந்தோணியாருக்கே விட்டுவிடுகிறேன் என்று அம்மா நேர்ந்துகொண்டாள். எங்கள் ஜனங்களிடம் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையைப் பீடத்தடியில் கிடத்திவிட்டு விலகி நிற்பார்கள். காணிக்கையாக வந்த கோழி, கிடாய், பூசணிக்காயோடு பிள்ளையையும், சாமியாருக்குத் துணையாகக் கோயில் வேலை பார்க்கும் உபதேசியார் ஏலம் கூறுவார். தாய்மாமன் விலை கேட்டு எடுத்துத் தாய் மடியில் போடுவார், நேர்ச்சை தீர்ந்தது. யாரும் கேட்காத பொருள் கோயிலுக்குச் சொந்தம். ஆனால் எந்தப் பிள்ளையும் அப்படிக் கோயிலோடு நின்றதாக நான் கேட்டதில்லை.

என்னை எடுத்த நாள் முதல் மாமனுக்கு அது ஒரு பேச்சு. எங்கள் வீட்டுக்கு வந்தால், “எம்பொருள் எப்படி இருக்குது, தீனி கீனி போடறியா?” என்றுதான் அம்மாவைக் கேட்பார். அப்பா போன பிறகு எங்கள் காட்டுக்கு ஏர் பூட்டிக் கொடுத்தவரும் அவர்தான். அவருடைய மகள் எனக்கு என்பது பேசாமலே முடிவான பேச்சு.

இந்த ஏற்பாட்டைக் கலைத்தவர் ஒரு துறவறச் சகோதரர். பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட வந்திருந்தார். என் வயதைவிட நாலைந்து கூட இருக்கும். அங்கியை இடுப்பில் சொருகிக்கொண்டு மரம் அறுப்பார். நான் ஓடு எடுத்துக் கொடுப்பேன். “ஏனுங்க சாமி, காடு கரையை விட்டுப்போட்டு இப்படி வந்தீங்க?” என்று ஒருநாள் கேட்டேன். வாயிலிருந்த ஆணியை எடுத்துவிட்டுச் சொன்னார்: “எங்க படுத்தாலும் தூக்கம் புடிக்கல தம்பி. இங்க வந்தேன், புடிச்சுது.”

அவ்வளவுதான் சொன்னார். அவர் போய்விட்டார், அந்தச் சொல் போகவில்லை. கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்தால் மாடு முன்னால் போகும், பின்னால் வரும், தண்ணீர் எந்த வாய்க்காலில் போகிறதென்று நான் பார்க்கமாட்டேன். மத்தியான செப மணி அடித்தால் கயிற்றை விட்டுவிட்டு நிற்பேன். அவரைப் போலத் துறவியாகப் போகவேண்டும் என்று காலையில் உறுதியாக இருக்கும். சோறு தின்றதும் அந்த உறுதியைக் காணோம். கூப்பிடுவது ஆண்டவர்தானா, “நீ அந்தோணியார் குடுத்த பிள்ளை” என்று அம்மா சொல்லிச் சொல்லி என் காதில் தங்கிய சத்தமா? பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் பாவங்களோடு இதையும் சொல்லிக் கேட்டேன். “எனக்கும் தெரியாது. உன் வீட்டார் மனமொத்து விடட்டும், துறவற சபையில் போய் இருந்து பார்” என்றார் சாமியார். அம்மா அழுதுகொண்டே சரி என்றாள். மாமன் மாட்டைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார். அப்பா இல்லாத வீட்டில் அவர் சம்மதம் இல்லாமல் சபையில் சேர்க்கமாட்டார்கள்.

மாமன் மகள்தான் நேராகப் பேசினாள். கடலைக்காய் பறித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல், “என்னையக் கட்டிக்கிட்டு மோட்டுவளையப் பாத்துட்டு உக்கோந்திருப்பீங்களா மச்சான்?” என்றாள்.

“தெரியலையே.”

“உங்களுக்குத் தெரியாட்டிப் போகுது, எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எங்கப்பங்கிட்ட நாஞ் சொல்லிக்கறேன். அவரு வைவாரு, வாங்கிக்கங்க.”

மாமன் வையவில்லை. திருநாளுக்கு வந்தார், சாமியாரிடம் அந்த மறு ஏலப் பேச்சைப் பேசினார். சாமியார், “நடக்கட்டும்” என்றார்.

காணிக்கைக் கிடாய் கட்டியிருந்த வேப்பமரத்தடிக்கு மாமன் என் கையைப் பிடித்து அழைத்துப் போனார். மீசை முளைத்த ஆள் நான், கோழிக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கூட்டத்தில் ஒருவர், “பல்லப் புடிச்சுப் பாத்துக் கேக்கலாமுங்களா?” என்றார். இன்னொருவர், “தீனிக்குக் கட்டாதப்பா” என்றார். அம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஒரு தரம்” என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. ஊரில் வேறு யாரும் கேட்கமாட்டார்கள். தாய்மாமன் இருக்கும்போது கேட்பது முறையில்லை. எல்லாரும் மாமனைப் பார்த்தார்கள். அவர் கிடாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு தரம்.”

உள்ளதைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் மாமன் கேட்டுவிட மாட்டாரா என்று எனக்கு ஆசையாக இருந்தது. கேட்டால் எழுந்து அவரோடு போய்விடலாம். வண்டி, மாடு, வீடு, அவள். கேட்டுவிடுவாரோ என்று பயந்ததும் அதே நேரத்தில்தான். மாமனுக்கு உதடு அசைந்தது. உபதேசியாரும் அதைப் பார்த்துவிட்டுச் சற்றுத் தாமதித்தார்.

“மாப்ளே,” என்றார் மாமன், என்னைப் பார்த்து. ஏலத்தில் அது விலை கேட்டது ஆகாது.

உபதேசியார் மூன்றாம் தரத்துக்கு வாயெடுத்தார். மாமன் தோளில் கிடந்த துண்டை இழுத்து, சுருட்டி, வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார்.