மூன்று பேய்க் கதைகளும் ஒரு பொய்ப் பெயரும்

ஆலத்தியூர்ப் பக்கத்து சிமெண்ட் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் தேவயானிக்கு இருபது வருட வேலை. சிமெண்டையும் மணலையும் கலந்து கைக்குள் அடங்குகிற கட்டிகளாக வார்ப்பாள். தண்ணீரில் ஊறப்போடுவாள். நாள் கணக்கு முடிந்ததும் எந்திரத்தில் வைத்து நசுக்கி, எத்தனை பாரத்துக்கு உடைந்தது என்று எழுதுவாள். மூட்டை மேல் என்ன அச்சடித்திருந்தாலும் சரி, மேனேஜரே தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் சரி, உடைத்துப் பார்க்காமல் அவள் எதையும் நம்ப மாட்டாள். ஒரு கட்டியை உடைத்துவிட்டு முடிவு சொல்லவும் மாட்டாள். மூன்று உடைய வேண்டும்.

வீட்டிலும் இதே கூத்துதான். ஜோசியக்காரர் வாசலில் நின்றால், "போன தடவை சொன்னதுல எது பலிச்சுது? அதை மொதல்ல சொல்லிட்டு அப்பறம் வாய்யா" என்பாள். படிக்கிறது என்றால் பேப்பர், ஆலையில் கொடுக்கிற பாதுகாப்புக் கையேடு, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற பொடி எழுத்துத் தாள். கதை என்றாலே முகத்தைச் சுளிப்பாள். பேய்க் கதை என்றால் எழுந்தே போய்விடுவாள்.

அப்படிப்பட்டவள்தான் போன பொங்கலுக்கு வாயை விட்டாள். திருமழபாடிக்குப் பக்கத்தில் அவள் பிறந்த ஊர். அண்ணன் அரியமுத்து வீட்டுக்குப் போயிருந்தாள். அண்ணன் மகள் சிவரஞ்சனிக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவளோ கைப்பேசியில் மூழ்கிக் கிடந்தாள். எட்டிப் பார்த்தால், செத்துப்போன ஒருத்தன் உயிரோடு இருக்கிற டீச்சரம்மாவைக் காதலிக்கிறான்!

"அடச்சீ, இதெல்லாம் ஒரு கதையா? இதைப் படிச்சா புத்தி பேதலிச்சுப் போவும்டி" என்று வீடே கேட்கச் சொல்லிவிட்டு, கரும்பு கடிக்கப் போய்விட்டாள்.

மாசியில் கல்யாணம் நடந்தது. வைகாசியில் சிவரஞ்சனி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். திரும்பிப் போக மாட்டாளாம். ஏன் என்று கேட்டால் சுவரைப் பார்த்தாள். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தடவை வந்து பேசிப் பார்த்துவிட்டு, பொண்ணுக்குத் திமிர் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் அம்மா முத்தாயிக்கு அந்தச் சொல் தாங்கவில்லை. திமிர் என்றால் பெண் மேல் பழி, வளர்த்தவள் மேலும் பழி. பேய் என்றால் யார் மேலும் பழியில்லை. ஓட்டிவிட்டால் தீர்ந்தது. பாவம், அவளும் என்ன செய்வாள்? மகளைக் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

மகளிடமிருந்து பிடுங்கிய கைப்பேசியை மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு, மூன்று பஸ் மாறி, நாத்தனார் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"நீதானே சொன்ன தேவயானி, இந்தப் பேய்க் கதையெல்லாம் படிச்சா ஆவாதுன்னு? சொன்ன மாதிரியே ஆயிருச்சு. அமாவாசைக்குத் தங்கசாமி பூசாரிய வரச் சொல்லியிருக்கோம். மாப்பிள்ளை வூட்டுக்காரங்களும் வராங்க. நீ வந்து, இதைப் படிச்சுத்தான் பொண்ணுக்கு இப்படி ஆச்சுன்னு நாலு வார்த்தை சொல்லிரு. லேப்ல வேலை பாக்குறவ சொன்னா அவங்க நம்புவாங்க. பேய் போன கையோட அன்னிக்கே அனுப்பி வச்சிரலாம்."

"அண்ணி, புத்தி கெட்டுப் போவும்னுதான் சொன்னேன். பேய் பிடிக்கும்னு நான் எப்ப சொன்னேன்?"

"ரெண்டும் ஒண்ணுதானே!" என்றாள் முத்தாயி.

தேவயானிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேய்க் கதையைப் பழித்து அவள் சொன்ன வார்த்தையையே பேய்க்குச் சாட்சியாகக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அது மட்டுமா? அந்த ஊர்ப் புளியமரத்தில் அடித்திருக்கிற ஆணிகளில் ஒன்று அவளுடையது. இருபத்தேழு வருடத்துக்கு முன்னால், கல்யாணமான மூன்றாம் மாதம், அவளும் இப்படித்தான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். தங்கசாமியின் அப்பா உடுக்கை அடித்தார். உச்சி முடியில் ஒரு கொத்தை முடிச்சுப் போட்டு அறுத்து, மரத்தில் வைத்து ஆணி அறைந்தார். சாயங்காலமே அவளைப் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பேய்க் கதை என்றால் அவள் எழுந்து போவதன் காரணம் இதுதான். அந்த மரத்தைப் பற்றி அவள் யாரிடமும் வாயைத் திறந்ததில்லை.

கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டாள். படிக்காமல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், படித்துவிட்டுத்தான் எது என்றாலும் என்று அண்ணியிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். ஒரு கதையை வைத்து முடிவு சொல்வது முறையில்லை. மூன்று வேண்டும்.

முதல் கதையை ஆலை பஸ்ஸில் படித்தாள். டீச்சரம்மாவைக் காதலிக்கிற பேய். ஆறடி உயரம், கட்டுமஸ்தான தோள், மேலெல்லாம் சந்தன வாசனை. செத்தவனுக்கு எவன்டா சந்தனம் பூசிவிடுகிறான் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரே மாதத்தில் மூன்று பௌர்ணமி வேறு! எழுதினவள் காலண்டரைப் பார்க்கக் கூடாதா? இரண்டாவது கதையைச் சாப்பாட்டு நேரத்தில் படித்தாள். அதில் ஏழு மலைக்கு அப்பாலிருந்து சிறகு முளைத்த ஒருத்தன் வந்து நர்ஸ் ஒருத்தியின் ஜன்னலில் உட்காருகிறான். அவ்வளவு பெரிய சிறகோடு எந்த வாசலில் நுழைவான் என்று கணக்குப் போட்டதில் தயிர்சாதம் காய்ந்துபோனது. மூன்றாவதில், பாழடைந்த அரண்மனையில் முந்நூறு வருடமாக ஒருத்திக்காகக் காத்திருக்கிற ராஜகுமாரன். வேலை வெட்டி இல்லாதவன் என்று திட்டிக்கொண்டேதான் படித்தாள்.

திட்டிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். ராஜகுமாரன் வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டு, "உள்ளே வரலாமா?" என்று கேட்கிறான். அவள் வேண்டாம் என்கிறாள். அவன் சரி என்று திரும்பிப் போகிறான். தேவயானி கதையை மூடிவிட்டு முதல் கதையைத் திறந்தாள். அந்தச் சந்தனப் பேயும் கேட்டிருந்தது. சிறகுக்காரனும் ஜன்னலுக்கு வெளியே மழையில் நனைந்துகொண்டு, கையைப் பிடிக்கலாமா என்று கேட்டிருந்தான். மூன்றிலும் அதேதான். சுவரை ஊடுருவிப் போகக்கூடிய பேய்கள் கேட்டுவிட்டு உள்ளே வருகின்றன. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன் மேலேயே கோபமாகவும் வந்தது.

அமாவாசைக்கு முதல் நாளே ஊருக்குப் போனாள். கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்த சிவரஞ்சனியிடம் கைப்பேசியைக் கொடுத்தாள்.

"மூணு படிச்சேன். ஒண்ணுல நிலாக் கணக்கே தப்பு."

"அத்தை!" என்று சிரித்துவிட்டாள் அவள். வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் சிரித்தாளாம்.

"மாப்பிள்ளை அடிக்கிறாரா?"

"இல்ல அத்தை." துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். "வேணாம்னு சொன்னா அவருக்குக் காது கேக்காது. ஒரு நாள் இல்ல, தெனமும். இதை நான் யார்கிட்ட போய்ச் சொல்றது? சொன்னா, புருசன்தானேங்குறாங்க."

தேவயானி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மிச்சத் துணியை எடுத்து அவளும் பிழிந்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கே கோயில் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. மாப்பிள்ளையும் அவர் ஆட்களும் வேன் வைத்து வந்திருந்தார்கள். தேவயானியின் புருஷன் மணிவேலும் ஆலத்தியூரிலிருந்து பைக்கில் வந்திருந்தார். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர், அதிர்ந்து பேசாத மனுஷன். சிவரஞ்சனியை ஈரப் புடவையோடு உட்கார வைத்திருந்தார்கள். பூசாரி பக்கத்தில் வேப்பிலை, அரிவாள்மணை, ஒரு புது ஆணி. ஆணியைப் பார்த்ததும் தேவயானிக்கு உச்சந்தலை எரிந்தது.

"எங்க நாத்தனாரு சொல்லட்டும்" என்றாள் முத்தாயி. "அந்தக் கதையெல்லாம் படிச்சுப் பாத்திருக்கு."

தேவயானி எழுந்து நடுவில் வந்து நின்றாள்.

"படிச்சேன். கதையில வர்ற பேயி எதுவும் கேக்காம யாரையும் தொடல. எந்தப் பொண்ணு வேணாம்னாலும் திரும்பிப் போயிருது. அதைப் படிச்சு இவளுக்கு ஒண்ணும் ஆவல. பொங்கலுக்கு நான் பேசினது தப்பு."

"என்னம்மா இது, மாத்திப் பேசுற?" என்றார் தங்கசாமி. "உனக்கே எங்கப்பாதானே ஓட்டினாரு. உன் வாயாலதானே பேரு வந்துச்சு?"

"ஆமா, என் வாயாலதான் வந்துச்சு." அவள் குரல் உயர்ந்தது. "பேரைச் சொல்லு, பேரைச் சொல்லுன்னு வேப்பங்கொத்தால விளாசுனாங்க. பேரைச் சொன்னாத்தான் நிறுத்துவாங்கன்னு எனக்குப் புரிஞ்சு போச்சு. அந்த வருசம் கொள்ளிடத்துல முழுவிப் போனானே அன்பழகன், அவன் பேரைச் சொன்னேன். அது பொய்! என் மேல எந்தப் பேயும் வரல. அந்தப் பையன் உசுரோட இருந்தப்பக்கூட என்னை ஏறெடுத்துப் பாத்ததில்ல. அவன் பேயா அலையுறான்னு இருபத்தேழு வருசமா அவங்கம்மாவ ஒரு நல்லது கெட்டதுக்குக் கூப்புட மாட்டேங்குறீங்க. அந்தப் பாவம் என்னுது. இன்னொருத்தன் பேரை இவ சொல்ல வேண்டாம்."

மணிவேல் தலை குனிந்து நின்றார். இந்த இருபத்தேழு வருடமும், பேய் பிடித்தவளையே கட்டிக் காப்பாற்றினவன் என்று லாரிக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

தங்கசாமி லேசில் விடுகிற ஆளில்லை. "அத்தைக்குள்ள இருந்ததுதான் இவளுக்குத் தாவிட்டுது போல" என்று முணுமுணுத்துவிட்டு, உடுக்கையை வேகமாக அடித்தார். வேப்பங்கொத்தை ஓங்கினார். "யாரு நீ? சொல்லு! பேரைச் சொல்லு!"

சிவரஞ்சனி நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தாள்.

"சிவரஞ்சனி."

"யாருடா நீ? எந்த ஊரு?"

"சிவரஞ்சனி. அரியமுத்து மவ. இந்த ஊருதான்."

"உண்மையச் சொல்லு! யாரு?"

"நான்தான். சிவரஞ்சனி. எனக்கு அந்த வூட்டுக்குப் போவ இஷ்டமில்ல."

முத்தாயி ஓடிவந்து பூசாரியின் கையிலிருந்த வேப்பங்கொத்தைப் பிடித்துக்கொண்டாள். "போதும் சாமி, நிறுத்துங்க. எம்பொண்ணுதான் பேசுறா" என்றாள். உடுக்கை நின்றது. மாப்பிள்ளை வீட்டார் திட்டிக்கொண்டே வேனில் ஏறினார்கள். நாங்கள் சும்மா விடமாட்டோம் என்றார் ஒருத்தர். போய் உங்களால் ஆனதைப் பாருங்கள் என்றாள் தேவயானி. கிளம்பும் முன் அன்பழகனின் அம்மா வீட்டு வாசலுக்குப் போய் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டாள். கிழவி கதவைச் சாத்திக்கொண்டாள். தேவயானி திரும்பி வந்தாள். இன்னொரு நாள் வந்து கேட்பாள், அதற்கு அவளுக்கு மனசு இருந்தது.

இருவரும் பைக்கில் ஆலத்தியூருக்குக் கிளம்பினார்கள். கீழப்பழுவூர் தாண்டியதும், முன்னால் பார்த்தபடியே மணிவேல் கேட்டார்.

"அப்ப பேயே இல்லியா?"

"இல்ல."

"அப்பறம் எதுக்கு அன்னிக்கு என் வூட்டவுட்டு ஓடிப் போன?"

"இப்பத்தான் கேக்குறீங்க" என்றாள் தேவயானி. "வண்டிய ஓரமா நிறுத்துங்க. சொல்றேன்."

மணிவேல் வண்டியை நிறுத்தினார்.