சிங்கப்பூரில் நாங்கள் ராத்திரி சுற்றிய கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துபோனது. நடந்ததெல்லாம் முன்பின்னாக நினைவுக்கு வருகிறது, சிலது வருவதே இல்லை. பொறுத்துக்கொண்டு படியுங்கள். எழுதாமலே இருந்திருப்பேன். ஆனால் செஞ்சியில் எங்கள் தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு: சிங்கப்பூர் ராத்திரியையே சுற்றிப் பார்த்தவள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணிடம் பேசவே கூச்சப்படுகிற எனக்கு இப்படி ஒரு பெயர். இப்போது டூர் போய்விட்டு வருகிற பிள்ளைகள் போனில் படத்தைக் காட்டி, "பெரிம்மா, இந்த எடம் நீ பாத்துருக்கியா?" என்று கேட்கிறார்கள். பார்த்திருக்கிறேன். எதற்காகப் பார்த்தேன் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

அறுபதுகளில் நடந்தது. என் வீட்டுக்காரர் அங்கே துறைமுகத்துக் கிடங்கில் மூட்டைகளை எடை பார்க்கிற வேலையில் இருந்தார். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். வந்தால் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற வேலை என்று லீவு கரைந்துவிடும். மிச்ச நாளில் அவரைப் பார்க்க வருகிறவர்கள் கூடத்திலேயே படுத்துக்கொண்டு சிங்கப்பூர் கதை கேட்பார்கள். எனக்குக் குழந்தை உண்டாகவில்லை. அதற்குக் காரணம் நான்தான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

ஒருநாள் மாமியார் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே சொன்னார்: "வல்லத்துல ஒரு பொண்ணு பாத்து வச்சிருக்கறேன். நல்ல எடம், நெலம் இருக்குது. நீ ஒரு தபா அவங்கிட்ட போயிட்டு வா. வயித்துல ஒண்ணோட வந்தா நீதான் எம் மருமவ. இல்லாங்காட்டி அவதான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். புளியின் விலையைச் சொல்வதுபோல் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டுக் கொட்டையை அள்ளி ஓரமாகப் போட்டேன்.

கப்பலில் மேல்தட்டில் பாய் விரித்துப் போனேன். வழியெல்லாம் வாந்தி. பக்கத்துப் பாய்க்காரம்மா, "இன்னாம்மா, விசேஷமா?" என்று ஆசையாகக் கேட்டார். "கடலுங்க" என்றேன்.

வீட்டுக்காரர் குடியிருந்தது ஒரு சீனர் கடைக்கு மேலே மாடி அறை. அவரோடு மூன்று ஆம்பளைகள். கடலூர்ப் பக்கத்து அண்ணன் தம்பி இரண்டு பேர், இளவட்டம். இன்னொருவர் எங்கள் செஞ்சிக்குப் பக்கத்தில் மேல்சித்தாமூர்க்காரர், சமணர், வயதில் மூத்தவர். நயினார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர்கள் வழக்கப்படி பொழுது சாய்ந்த பிறகு ஒரு பருக்கை வாயில் போடமாட்டார், தண்ணீர் மட்டும்தான். வெங்காயமோ கிழங்கோ தொடமாட்டார். நான் வருவதற்கு முன்பே அறையின் ஒரு மூலையைப் பெருக்கி, கயிறு கட்டி வைத்திருந்தார்கள். அதில் என் புடவை ஒன்றைத் தொங்கவிட்டோம். எங்கள் குடித்தனம் அந்தப் புடவைக்குப் பின்னால்.

என் வீட்டுக்காரருக்கு வேலை கொஞ்சம் முன்னதாகவே விட்டுவிடும். முதல்நாள் வந்து குளித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இந்தாமே, அவுங்க மூட்ட தூக்கிட்டு களைச்சி வருவாங்க. பொம்பள இருந்தா சட்டைய கயட்டக்கூட கூச்சப்படுவாங்க. ஒரு நட போயிட்டு வந்துடலாம்."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. மூன்று ஆம்பளைகள் எதிரில் உட்கார்ந்திருப்பதைவிட முன்னூறு சீனர் நடுவில் நடப்பது எனக்குச் சுலபம். நயினாருக்கு வெங்காயம் போடாமல் தனியாகவும் மற்றவர்களுக்கு வேறாகவும் சமைத்து மூடிவைத்துவிட்டு, அவர்கள் வருவதற்குள் இறங்கிவிட்டோம். வெகுநேரம் கழித்துத் திரும்பினால் ஜன்னலில் வெளிச்சம் இல்லை. எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு புடவைக்குப் பின்னால் போய் விழுந்தோம். கால் வலியில் அப்படியே கண் அசந்துவிட்டது.

அதுவே தினமும் பழக்கமாகிவிட்டது.

செஞ்சியில் அப்போது கடைத்தெருவில்தான் கரண்டு. பொழுது சாய்ந்தால் கோட்டை மலையும் எங்கள் தெருவும் ஒரே இருட்டு. சினிமாக் கொட்டகையில் இரண்டாவது ஆட்டம் பார்த்தவர்களே பெரிய ராத்திரிப் பேர்வழிகள். அங்கேயோ பொழுது சாய்ந்த பிறகுதான் ஊர் எழுந்திருக்கிறது. தெருவை அடைத்து ராத்திரிச் சந்தை. சீப்பு, செருப்பு, சட்டை, பாம்புத் தைலம் எல்லாம் காஸ் விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும். மலாய்க்காரர் குச்சியில் கறியைக் கோத்து நெருப்பில் வாட்டி, ஓலை விசிறியால் விசிறுவார். ஒரு கேளிக்கைத் திடல் இருந்தது. அதற்குள் குத்துச்சண்டை, ராட்டினம், ஆம்பளையும் பொம்பளையும் கட்டிக்கொண்டு ஆடுகிற ஒரு கொட்டகை. கதவு திறக்கும்போது ஒரு நொடி தெரியும். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடுத்தமுறை திறக்கிற வரைக்கும் அங்கேயே நின்று மறுபடியும் குனிந்துகொள்வேன்.

ராட்டினத்தின் உச்சிக்குப் போனபோது ஊரே விளக்காகத் தெரிந்தது. துறைமுகத்தில் கப்பல்கூட விளக்குப் போட்டுக்கொண்டு நின்றது. "எப்பிடி இருக்குது பாருங்க" என்று திரும்பினேன். வீட்டுக்காரர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். பாவம், காலையில் எழுந்து வேலைக்குப் போகவேண்டிய மனுஷர். உலகத்தில் யார் யாரோ எங்கிருந்தெல்லாமோ வந்து பார்க்கிற ராத்திரியை, எப்போது முடியும் என்று கொட்டாவி விட்டுக்கொண்டு நாங்கள் இரண்டுபேரும் பார்த்து முடித்தோம்.

காலையில் எழுந்தால் எனக்கு இன்னொரு வருத்தம். அண்ணன் தம்பி சாப்பிட்ட தட்டு காலியாக இருக்கும். நயினாருக்கு வைத்தது வைத்தபடியே இருக்கும். என் கைப்பக்குவம் அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ரசத்தில் மிளகைக் கூட்டிப் பார்த்தேன், குறைத்தும் பார்த்தேன். தொடவே இல்லை.

வீட்டுக்காரர் ஊருக்குக் கடிதம் போடும்போது, தினமும் ராத்திரி ஊர் சுற்றிப் பார்க்கிறோம் என்று வெள்ளையாக எழுதிவிட்டார். மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. தெருவில் ஒருவரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னதில் தெரு முழுக்கக் கேட்டது. பதில் வந்தது. ஊர் சுற்றவா அவளை அனுப்பினேன், வல்லத்தில் பேச்சு முடிக்கலாமா என்று மாமியார் கேட்டிருந்தார். நான் தங்குவதற்கு அந்த ஊர்ச் சர்க்கார் கொடுத்த தவணையும் குறைந்துகொண்டே வந்தது. அன்று ராத்திரி கடலோரப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்துப் பெஞ்சில் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயும் ஒரு பெண்ணும் எங்களைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய் முத்தம் கொடுத்துக்கொண்டார்கள்.

"தொ பாரு, அழாத. பெரிய ரூமா பாக்கறேன்" என்றார் வீட்டுக்காரர். வந்த நாளிலிருந்து அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கிடைக்கவில்லை.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு சீனக் கோயில் திருவிழா. தெருவில் மேடை கட்டிக் கூத்து. நம்மூர்க் கூத்து மாதிரிதான், முகத்துக்குச் சாயம், தலைக்குக் கிரீடம். ஆனால் தாளத்தை அவர்கள் போடுகிற போடு காதைக் கிழித்துவிடும். அந்தச் சத்தத்திலும் முன்வரிசையில் மூன்றுபேர் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்தவரின் குறட்டை தாளம் நிற்கும்போதெல்லாம் கேட்டது. பழகிய குறட்டை. வீட்டுக்காரர் கிட்டப்போய்ப் பார்த்தார்.

"நயினாரே! இன்னா நீங்க இங்க? ரூம்ல தூங்கல?"

நயினார் திடுக்கிட்டு எழுந்தார். "நீ இன்னாடா இங்க? நீங்க ரூம்ல இல்ல?"

"நீங்க களைச்சி வருவீங்கன்னு நாங்க தெனமும் வெளிய வந்துடறோம்."

"அடப்பாவி! புதுசா பொண்டாட்டி வந்துருக்கறா, தனியா இருக்கட்டும்னு நாங்க வேல விட்டு ரூமுக்கே வரதில்லடா. ராவிக்கு வந்து வெளக்க போட்டா பொடவ மறைச்சினு இருக்கும். நீங்க தூங்கறீங்கன்னு நெனச்சி வெளக்க அணைச்சிட்டு படுத்துக்குவோம்."

தம்பிக்காரன் கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டான்: "அப்ப இத்தினி நாளா ரூம்ல யாருதான் இருந்தது?"

"மூட்டப்பூச்சிடா" என்றான் அண்ணன்காரன். "பொண்டாட்டி புள்ளையோட ஜோரா குடித்தனம் பண்ணினு இருக்குது."

நயினார் சாப்பிடாத காரணம் அப்போதுதான் புரிந்தது. அவர் அறைக்கு வரும்போது இருட்டி வெகுநேரமாகியிருக்கும். துறைமுகத்து வாசலிலேயே பொழுதோடு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு, ஊரே சாப்பிடுகிற சந்தையில் வெறும் வயிற்றோடு எங்களுக்காக நடந்திருக்கிறார். "ஒன் ரசம் ஆறிப்போயி கெடக்கும் தங்கச்சி, மனசு கேக்காது, மோந்து பாத்துட்டு படுத்துக்குவேன்" என்றார்.

அன்று எல்லோரும் சிரித்துக்கொண்டே ஒன்றாகத் திரும்பினோம். விஷயம் தெரிந்துவிட்டது, இனிமேல் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். அதற்கப்புறம்தான் நிலைமை மோசமானது. இப்போது அந்த மூன்றுபேரும் வெளியே போனால் எதற்காகப் போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். நாங்கள் அறையில் தங்கினால் எதற்காகத் தங்குகிறோம் என்றும் தெரியும். அதனால் ஒருத்தரும் நகரவில்லை. மறுநாள் சாயங்காலம் ஐந்துபேரும் சுவர் ஓரமாக உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தோம். மழை வருமா என்று பேசினோம். அரிசி பழசா புதுசா என்று பேசினோம். ஒருவரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கீழே அந்தப் பெரிய ஊர் ஜிலுஜிலுவென்று ஓடிக்கொண்டிருந்தது.

இப்படியே சில நாள் போனது. வல்லத்து விஷயத்தை வீட்டுக்காரர் கிடங்கில் நயினாரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒரு சாயங்காலம் நயினார் சுவரைப் பார்த்துக்கொண்டு, "பகல் வேலையில வெயிலு தாங்கல. மேஸ்திரியாண்ட ராத்திரி ஷிப்டு கேட்டுட்டேன். இவனுங்களும் வரானுங்க" என்றார்.

"எங்கள எப்ப கேட்டீங்க?" என்றான் தம்பிக்காரன்.

"மூடுடா" என்றான் அண்ணன்காரன்.

நயினார் சொன்ன வெயில் அந்த மாதம் முழுக்க அடிக்கவே இல்லை. தினமும் மழை.

ராத்திரி ஷிப்டு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பொழுது சாய்ந்து போனால் விடிந்துதான் வருவார்கள். நடுவில் எல்லோருக்கும் சாப்பாட்டு நேரம் விடுவார்கள். நயினாருக்கு அது கிடையாது. வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு விடிகிறவரைக்கும் மூட்டை தூக்கவேண்டும். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். சொல்ல வாய் வரவில்லை. வாய் வந்திருந்தாலும் எதை வேண்டாம் என்று சொல்வது? அதனால் அவர் கிளம்புவதற்கு முன்னால் வயிறு நிறையச் சோறு போடுவது மட்டும் என் வேலை என்று வைத்துக்கொண்டேன். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துப் பார்த்து வேகமாகச் சாப்பிடுவார். "மொளகு தூக்கலா இருக்குது" என்பார். இன்னொரு கரண்டி கேட்பார்.

காலையில் அவர்கள் வந்து படுப்பார்கள். அவர்கள் தூங்கட்டும் என்று நான் வெளியே போய்விடுவேன். கோயில், மார்க்கெட், கடலோரம். அந்த ஊரின் பகலை நான் பார்த்தது அப்போதுதான். ராத்திரி பார்த்த ஊர் அது இல்லை. பகல் வெளிச்சத்தில் ராட்டினம் துருப்பிடித்து நின்றது. ஆட்டக் கொட்டகையின் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே ஒரு கிழவி பெருக்கிக்கொண்டிருந்தாள். குனிந்துகொள்ள ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு ராத்திரியில் ஊர் எப்படி இருந்தது என்று கேட்டால், எனக்குத் தெரியாது. நாங்கள் அறையில் இருந்தோம்.

தவணை முடிந்து நான் செஞ்சிக்குத் திரும்பியபோது மாமியார் என் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைத்தான் பார்த்தார். அப்புறம் உள்ளே போய், வல்லத்துக்குச் சொல்லி அனுப்ப ஆள் தேடினார், வேண்டாம் என்று சொல்வதற்காக. ஆண் குழந்தை பிறந்தது. அதற்குப் பிறகு என்னை ஊர்சுற்றி என்று திட்டிய அதே வாயால், வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எம் மருமவ சிங்கப்பூர்ல தெனமும் ராத்திரி சுத்துனவ" என்று பெருமையாகச் சொன்னார். ராத்திரி சுற்றியதால்தான் பேரன் பிறந்தான் என்பதுபோல் தெருவில் பேசிக்கொண்டார்கள். திருத்துகிற தைரியம் எனக்கு இல்லை.

நயினார் வேலையை விட்டு ஊருக்கு வந்தபோது வயிற்றில் புண்ணோடு வந்தார். ராத்திரி ஷிப்டால்தான் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. அவரும் அப்படிச் சொல்லவில்லை. "அந்த ஊரு தண்ணி" என்று மட்டும் சொன்னார். என் மகனைத் தூக்கிப் பார்த்து, "எங்க ஷிப்டு வீணாப் போவல" என்று சிரித்தார். நான் சமையலறைக்குள் ஓடிவிட்டேன்.

ஒன்று மட்டும் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அங்கே ஒரு மழைநாள் அடுப்புக்கரி ஈரமாகிச் சமையல் தாமதமாகிவிட்டது. வானம் கறுத்திருந்தது. தட்டில் கை வைக்கும் முன், "பொழுது இருக்குதா தங்கச்சி?" என்று நயினார் கேட்டார். மேகம்தான் மறைத்திருக்கிறது என்று நினைத்து, "இருக்குதுண்ணா" என்றேன். அவர் நம்பிச் சாப்பிட்டார். கடிகாரத்தில் அப்போது ஆறரையோ ஏழோ, எனக்கு நினைவில்லை. அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் மழைக்காலத்தில் எத்தனை மணிக்குப் பொழுது சாயும்? அங்கே இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், மற்றதெல்லாம் தப்பாக இருந்தாலும் போகிறது, இதை மட்டும் சரிபார்த்துச் சொல்லுங்கள்.