அடுப்பு எப்போது பற்றவைத்தேன் என்ற கேள்வி

மனைவி இறந்தது மாசியில். வைகாசி முதல் வியாழக்கிழமைதோறும் ராசிபுரத்திலிருந்து பஸ் ஏறி, சேலம் சாலையில் உள்ள ஒரு மருத்துவக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே உணவும் உடற்பயிற்சியும் பற்றி மாணவர்களுக்குப் புதிதாக ஒரு வகுப்பு. நோயாளியிடம் அவர் என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு நடக்கிறார் என்று விசாரித்துப் பழக அவர்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. சர்க்கரை நோய்க்காக அங்கே மாத்திரை வாங்குபவன் நான். பேராசிரியை கேட்டதும் ஒப்புக்கொண்டேன். வாரத்தில் ஒரு நாளாவது பேச ஆள் கிடைக்கும்.

புரட்டாசி இரண்டாம் வியாழனன்று, காலையில் எழுந்தால் தலை சுற்றுகிறது என்று பேராசிரியையிடம் சொன்னேன். அவர் அதையே வகுப்புக்குக் கணக்காகக் கொடுத்துவிட்டார். "காரணத்தைக் கண்டுபிடிங்க. அதுவரைக்கும் மாத்திரையில நான் கை வைக்க மாட்டேன்."

முதலில் ஒரு மாணவன் வந்தான்.

"ராத்திரி சாப்டீங்களாங்கய்யா?"

"ஆச்சுங்க."

"தினமும் நடக்கறீங்களா?"

"சாயங்காலம் இருட்டற வரைக்கும் நடப்பேனுங்க."

வகுப்பே பாராட்டியது. நடைக்கு நான் நல்ல உதாரணமாம். பேராசிரியை மட்டும் சிரிக்கவில்லை. "ஏம்ப்பா, நம்மூர்ல சாப்டீங்களான்னு கேட்டா எவனாச்சும் இல்லைம்பானா? உங்கம்மா போன்ல கேட்டா நீ என்ன சொல்ற?"

"ஆச்சும்மான்னுதாங்க மேடம்."

"மெஸ்ஸுல கால் வெக்காமயே?"

சிரிப்பு அடங்கியபின் ஓமலூர்ப் பெண் ஒருத்தி எழுந்து வந்தாள். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஏனுங்கய்யா, நேத்து அடுப்பு எப்பங்க பத்த வெச்சீங்க?"

"காலையில. காப்பிக்கு."

"அப்புறம்?"

"மத்தியானம் ஓட்டல்ல சாப்பாடுங்க."

"ராத்திரிக்கு?"

ஆச்சு என்ற சொல் வாய்வரை வந்தது. ஆனால் அவள் கேட்டது அடுப்பைப் பற்றி.

"பத்த வெக்கலீங்க சாமி."

"முந்தாநாளு?"

"அன்னிக்கும் இல்ல."

"மாத்திரை?"

"அது மட்டும் தவறாம போட்டுருவேன்."

இருட்டும்வரை நடை, பிறகு வெறும் வயிற்றில் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை. தலைசுற்றலுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. உணவைப் பற்றி நானும் நிறையவே படித்திருக்கிறேன். எனக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது.

"ஏனுங்க சமைக்கறதில்ல?" என்றாள்.

"ஒருத்தருக்கு உலை வெக்க அளவு தெரியலீங்க."

பின்வரிசையிலிருந்து ஒருவன், "சின்னக் குக்கர்ல அரை டம்ளர் போடுங்கய்யா. ஹாஸ்டல் ரூம்ல நாங்க அப்படித்தான்..." என்று தொடங்கி, பேராசிரியையைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். நானும் சிரித்தேன். பேராசிரியை இரவு மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். சாப்பிடாத நாளில் அதையும் தொடக் கூடாது என்றார். நடையைக் காலைக் காப்பிக்கும் பலகாரத்துக்கும் பிறகு வைத்துக்கொள்ளச் சொன்னார்.

"வாரேனுங்க" என்று சொல்லிக் கிளம்பினேன். அன்று மாலை நடக்கப் போகவில்லை. அரை டம்ளர் அரிசி வைத்தேன், பருப்பும் கீரையும் கடைந்தேன். கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து, பாதி மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். மணி எட்டுகூட ஆகவில்லை. நடந்து தீர்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் இப்போது வீட்டுக்குள் இருந்தது. தூக்கம் வரும்வரை அதை என்ன செய்வது என்று அந்த வகுப்பில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.